மூக்காயி வீட்டு உறை பிழைத்த கதை

தெஹியோவிட்டவிலிருந்து மேலே ஏறுகிற ரப்பர் தோட்டத்தில், மூணாம் லயத்து வரிசையில் கடைசி வீட்டு மூக்காயியிடம் வாய் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பியவர்கள் குறைவு. கணக்கப்பிள்ளை திரும்பியதில்லை, பால் லொறிக்காரன் திரும்பியதில்லை, கோயில் கமிட்டித் தலைவர் திரும்பியதே இல்லை. அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை, இவளாவது தங்கட்டும் என்று மூக்கைக் குத்தி அந்தப் பெயரை வைத்தார்கள். தங்கினாள். நாற்பத்தேழு வருஷமாக நன்றாகவே தங்கியிருக்கிறாள். புருஷன் இருளப்பனைக் கேட்டால், "தங்குனது சரி, இந்தச் சத்தம் என்னாத்துக்கு?" என்பான், அவள் காதுக்கு எட்டாத தூரமா என்று ஒருதரம் பார்த்துக்கொண்டு.

சத்தம் கிடக்கட்டும். தயிரைச் சொல்ல வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு தயிர். கரண்டியால் வெட்டி எடுத்தால் வெட்டிய இடம் சுவர் மாதிரி நிற்கும். மேலே கித்துல் மரத்து வெல்லப் பாணியை ஊற்றினால் அது வழியத் தெரியாமல் அங்கேயே குளம் கட்டும். டவுனில் பாறூக் நானாவின் கடைக்கு வருகிற சிங்கள ஆட்கள், உள்ளே நுழையும்போதே "மூக்காயிகே மீகிரி தியனவாத?" என்று கேட்பார்கள். மீகிரி என்றால் எருமைத் தயிர். மூக்காயி வீட்டில் எருமையே கிடையாது, எல்லாம் பசும்பால். ஆனாலும் கேட்கிறவர்களைத் திருத்த அவளுக்கு என்ன பைத்தியமா?

இருபது வருஷம் ரப்பர் பால் வெட்டியவள் அவள். சரிவில் அட்டைக்கடியோடு ஏறி, மரத்துக்கு மரம் கீறி, சிரட்டையில் வடிந்ததை வாளியில் சேர்த்து, மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் பேரும் இல்லை, கூலியும் இல்லை என்று கிடந்த இருபது வருஷம். கதிர்காமம் போய்த் திரும்பும் வழியில் எம்பிலிப்பிட்டியவில் ஒரு சட்டித் தயிர் வாங்கி, தின்றது போக அடியில் இரண்டு கரண்டியை மிச்சம் வைத்தாள். அதுதான் முதல் உறை. அன்றைய தயிரில் கொஞ்சம் எடுத்து மறுநாள் பாலுக்கு, மறுநாள் தயிரில் எடுத்து அதற்கடுத்த நாளுக்கு என்று பதினாறு வருஷம், ஒரு நாள் விடாமல் ஓட்டினாள். வியாபாரம் காலூன்றியதும் ஒரு நாள், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் போய் நின்றாள்.

"அய்யா, செக்ரோல்ல எம் பேர வெட்டிருங்க. இனிமே நா எனக்கு வேலைக்காரி," என்றாள்.

கணக்கப்பிள்ளை சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் இன்னும் மறக்கவில்லை. ஒன்பது வருஷமாக அவர் முகத்துக்கு நேரே தயிர்ச் சட்டிகளை ஆட்டோவில் ஏற்றி அனுப்புகிறாள். சுற்றிலும் மாடு வைத்திருக்கிற பதினொரு வீட்டுப் பெண்கள் அவளுக்குத்தான் பால் ஊற்றுகிறார்கள்.

அவளிடம் ஒரு கைப்பழக்கம் இருந்தது. அது வெட்டுக்காட்டில் கற்றது. முந்தின நாள் பால் ஒட்டியிருக்கிற சிரட்டையைக் கழுவாமல் விட்டால், புதுசாக வடிகிற ரப்பர் பால் வாளிக்குப் போகும் முன்னமே கட்டிபட்டுவிடும். வெட்டுக்காரிக்கு அது கேடு, கணக்கப்பிள்ளை ஏசுவார். மூக்காயி யோசித்தாள்: அங்கே கேடு என்றால் தயிருக்கு அது நல்லதுதானே? பழசு ஒட்டியிருந்தால் புதுசு சீக்கிரம் கட்டும். அதனால் குயவரிடமிருந்து வருகிற புதுச் சட்டி எல்லாவற்றையும், முந்தின நாள் தயிரின் மேலே நிற்கும் மஞ்சள் தண்ணீரால் அலசிக் காயவைப்பாள். சட்டியைப் பழக்குவது என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். அந்தத் தயிர்த்தண்ணி வாளி எந்நேரமும் அறை மூலையில் இருக்கும். மிஞ்சினால் தரையிலும் தெளிப்பாள். கேட்டவர்களிடமெல்லாம் தன் ரகசியம் இதுதான் என்று பெருமையடித்துக் கொள்வாள்.

போன வைகாசியில், மழை பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல முப்பத்தெட்டு சட்டி ஊற்றிச் சாக்குப் போட்டு மூடிய பலகைப் பெட்டியில் வைத்தாள். காலை எட்டுக்கு வைத்தால் மதியம் ஒன்றரைக்குக் கட்டிவிடும். அன்றைக்கு ஒன்றரைக்குத் திறந்தாள், பால் பாலாகவே கிடந்தது. மூன்று மணிக்கும் பால். அந்திக்கும் பால்.

"மழக் குளிரு," என்றான் இருளப்பன்.

"பதினாறு வருஷமா இங்க மழையே பெய்யலியா?" என்றாள் மூக்காயி.

மறுநாள் சட்டிகளை இரண்டு தரம் தயிர்த்தண்ணியால் அலசினாள். உறையையும் கூட ஊற்றினாள். அதுவும் கட்டவில்லை. மூன்றாம் நாள் தண்ணியால் மூன்று தரம் அலசி, பெட்டிக்குள்ளேயும் தெளித்தாள். கடைசியில் நூற்றுப் பதினாலு சட்டிப் பால், நீர்த்துப்போய், ஒரு மாதிரி வாடையோடு கிடந்தது. அவள் வயிறு எரிந்தது. வயிறு எரிந்தால் மூக்காயிக்கு யார் மேலாவது எரிந்து விழ வேண்டும்.

நாகேஸ்வரி அகப்பட்டாள். இரண்டாம் லயத்துக்காரி. இருளப்பனின் சித்தப்பா மகனைக் கட்டியவள், இரண்டு பசு வைத்திருப்பவள். அவளுடைய சிவப்புப் பசுவுக்குக் கொஞ்ச நாளைக்கு முன் மடி வீங்கி, டாக்டர் ஊசி போட்டிருந்தார். ஊசி போட்ட மாட்டின் பாலில் அந்த மருந்து இறங்கும், அந்தப் பால் தயிராகாது என்று மிருக வைத்திய அலுவலகத்தில் நடந்த ஒருநாள் வகுப்பில் மூக்காயி கேட்டிருந்தாள். அரைகுறையாய்க் கேட்டதை அப்படியே பிடித்துக்கொண்டு, புதன்கிழமை காலை பால் கொண்டுவந்த பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் நாகேஸ்வரியின் கேனைத் தள்ளி வைத்தாள்.

"ஊசிப் பால ஊத்திட்டு ஒண்ணும் தெரியாதவ மாதிரி நிக்கிறியா? ஏம் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே!"

நாகேஸ்வரிக்கு முகம் சிவந்துவிட்டது. "மதினி, டாக்டரு சொன்ன மாதிரி அஞ்சு நாளு பால சாக்கடக் கானுல ஊத்துனேன். எம் புள்ளைங்களுக்குக் கூடக் குடுக்கல. யார ஏமாத்தி ஊத்தி எனக்கு என்னா ஆகணும்?"

"அப்ப பாலு ஏன் கட்டல?"

"அத ஓன் சட்டியக் கேளு," என்று கேனைத் தூக்கிக்கொண்டு நாகேஸ்வரி நடந்தாள். அவள் அழுதுகொண்டே போனதை எல்லாரும் பார்த்தார்கள். மறுநாள் மூன்று பேர்தான் பால் கொண்டு வந்தார்கள். அதற்கு மறுநாள் யாருமே வரவில்லை.

வியாழக்கிழமை மூக்காயி தன் சொந்தப் பசுவைக் கறந்து, அந்தப் பாலை மட்டும் நாலு சட்டியில் ஊற்றி உறை போட்டாள். ஊசி தெரியாத பசு, தண்ணீர் கலக்காத பால். மதியம் திறந்து பார்த்தாள். கட்டவில்லை.

பெட்டிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கோளாறு நாகேஸ்வரியிடம் இல்லை என்று அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. போய்ச் சொல்லியிருக்கலாம். இரண்டாம் லயம் என்ன கொழும்பிலா இருக்கிறது? ஆனால் கால் எழவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது, அந்த வெட்கத்தின் மேல் கோபமாகவும் இருந்தது.

இருளப்பன் தன்னால் முடிந்ததைச் சொன்னான். "கண்ணு பட்டுருச்சு புள்ள. பூசாரியக் கூப்புட்டு ஒரு எலுமிச்சங்கா வெட்டிருவோம்."

"ஏன், பூசாரி வந்து ஒற ஊத்துவாரா?"

பாறூக் நானா போனில் மெதுவாகத்தான் பேசினார். "தங்கச்சி, ஒங்கட தட்டு காலியாக் கெடக்கு. எம்பிலிப்பிட்டிய லொறிக்காரன் டெய்லி வந்து கேக்கிறான். நான் பொசன் போயா பௌர்ணமி வரைக்கும் பாக்கிறேன். அதுக்குப் பொறகு அவனுக்குக் குடுக்கத்தான் வரும். மனசுல வெச்சுக்கொள்ளாதீங்க." கூடவே ஒரு பாக்கெட் உறைத் தூளும் ஆட்டோக்காரனிடம் அனுப்பி வைத்தார், நல்ல மனுஷன். அதைப் போட்டுப் பார்த்தாள். கட்டியது. ஒரு வாய் தின்று பார்த்தாள். தயிர்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அது யார் வீட்டுத் தயிரோ. அதை விற்றுவிட்டு மூக்காயி தயிர் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது.

அன்றைக்குப் பார்த்துக் கணக்கப்பிள்ளை லயத்துப் பக்கம் வந்தார். "வெட்டுக்கு ஆளு பத்தல. ஒண்ணாந்தேதி வந்தியன்னா பேரு போட்டுறலாம்," என்றார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கூடப் பரவாயில்லை, பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் உண்மையிலேயே இரக்கப்பட்டுச் சொன்னார். அதுதான் மூக்காயிக்குத் தாங்கவில்லை.

"செத்தாலும் அந்தக் கத்தியத் தொட மாட்டேன்," என்று இருளப்பனிடம் சொல்லிவிட்டு, வகுப்பு நடத்திய மிஸ்ஸின் நம்பரைத் தேடினாள்.

அந்த மிஸ் கோபிகா. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, உணவு விஞ்ஞானம் படித்துவிட்டு இந்தப் பக்கம் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை. வகுப்பில் மூக்காயியோடு அரை மணித்தியாலம் வாதாடித் தோற்ற பிள்ளை என்பதால் அவளும் இவளை மறக்கவில்லை. சனிக்கிழமை பஸ் ஏறி வந்தாள். வந்ததும் தேத்தண்ணீர் கூடக் குடிக்காமல், "அக்கா, பால் கறந்ததில இருந்து ஒவ்வொண்டாச் செய்து காட்டுங்கோ. ஒண்டையும் விடாதேங்கோ," என்றாள்.

மூக்காயி செய்து காட்டினாள். பாலைக் காய்ச்சினாள், ஆற வைத்தாள். சட்டியை எடுத்தாள். மூலை வாளியிலிருந்து தயிர்த்தண்ணியை ஊற்றிச் சட்டியை அலசினாள்.

"பொறுங்கோ. இது என்ன?"

"சட்டி பழக்குறது மிஸ்."

கோபிகா வாளிக்குள் குனிந்து பார்த்தாள். "எத்தின வருஷமா?"

"ஆரம்பத்துல இருந்தே. இதுதான் நம்ம கைராசி."

கோபிகா வாளித் தண்ணீரில் ஒரு போத்தல், கட்டாத பாலில் ஒரு போத்தல், குளிர்ப்பெட்டியில் போன மாதம் எடுத்து வைத்திருந்த பழைய உறையில் ஒரு போத்தல் என்று எடுத்துக்கொண்டாள். முடிவு வராமல் எதையும் சொல்ல மாட்டேன் என்றாள். மூக்காயி விடுவாளா? வாசற்படலையை மறித்துக்கொண்டு நின்றாள். பாதியாவது சொல்லாமல் போக முடியாது என்று கோபிகாவுக்குப் புரிந்தது.

"அக்கா, உங்கட உறையில ரெண்டு வகைப் பற்றீரியாக் கிருமி இருக்குது. ஒண்டு உருண்டை, மற்றது குச்சி மாதிரி. ரெண்டும் பாலில இருக்கிற சீனியைத் தின்னும், திண்டு புளிப்பை வெளியில விடும். அந்தப் புளிப்பிலதான் பால் கட்டுது. ஒண்டை விட்டு மற்றதுக்குச் சரிவராது. குச்சி பாலில இருக்கிற புரதத்தை உடைச்சு உருண்டைக்குச் சாப்பாடு குடுக்கும். உருண்டை கொஞ்சம் போர்மிக் அமிலம் விடும், குச்சி வளர அது வேணும்."

"போர்மிக்கா? ஸ்டோருல ரப்பர் பாலு கட்டுறதுக்குத் தொட்டியில ஊத்துற அசிட்டா?"

"ஓம், அதேதான். ஆனா துளியிலும் துளி."

இருபது வருஷம் மூக்கை எரித்த அதே சாமான் தன் சட்டிக்குள்ளும் இருக்கிறது என்று யார் கண்டார்?

"அப்ப புருசன் பொஞ்சாதி மாதிரி," என்றான் இருளப்பன் வாசலில் இருந்து. "இதுல சத்தம் போடுறது எது மிஸ்?"

நாலு நாள் கழித்துக் கோபிகாவின் அழைப்பு வந்தது. உறையைத் தின்கிற வைரஸ் ஒன்று வாளித் தண்ணீர் முழுக்க நிறைந்திருந்தது. கிருமிக்கும் கிருமி உண்டு. அது மனுஷரை ஒன்றும் செய்யாது, மாட்டையும் செய்யாது, கடைத் தூளில் இருந்த வேறு சாதி உறையையும் செய்யாது. உருண்டைப் பற்றீரியாவுக்குள் புகுந்து, அங்கேயே நூறு குட்டி போட்டு, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். தயிர்த்தண்ணியில் சொகுசாக இருக்கும். எங்கிருந்தோ ஒரு நாள் வந்து சேர்ந்த அந்தச் சனியனை, ஒவ்வொரு சட்டிக்கும் ஒவ்வொரு நாளும் தன் கையாலேயே மூக்காயி தடவி விட்டிருக்கிறாள். பால் கட்டவில்லை என்றதும் மூன்று தரம் தடவியிருக்கிறாள்.

"அப்ப நாந்தான்," என்றாள்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும் அக்கா? பெரிய பெரிய தொழிற்சாலையளிலயே இது நடக்கிறது."

"அவுங்க பொம்பளைய அழ வெச்சு அனுப்ப மாட்டாங்களே மிஸ்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், இருளப்பன் கையில் ஒரு சட்டியோடு பின்பக்கக் கானை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். பெஞ்சுக்கடியில் கிடந்ததாம். போன வாரம் ஊற்றியதில் எடுத்துக் கொட்ட மறந்தது. "நாறிப் போயிருக்கும், கொட்டிட்டு வாறேன்," என்றான்.

சட்டியைச் சாய்த்தவன் நின்றான். கொட்டவில்லை. கட்டியிருந்தது.

"வைய்யி!" என்று மூக்காயி போட்ட சத்தத்தில் லயத்து நாய்கள் எழுந்து ஓடின.

முகர்ந்து பார்த்தாள். ஓரத்தில் ஊசல் வாடை அடித்தாலும், நடுவில் அவளுக்குத் தெரிந்த புளிப்பு இருந்தது. நாக்கில் வைக்கப் போனவள், கோபிகா வகுப்பில் எச்சரித்தது நினைவுக்கு வந்து கையை இழுத்துக்கொண்டாள். உடனே மறுபடி போன் போட்டாள். கோபிகாவுக்குக் குரலே மாறிவிட்டது. "எறிஞ்சு போடாதேங்கோ அக்கா! வேற ஏதும் கூடாத கிருமி புகுந்தும் கட்டியிருக்கலாம், வாயில வைக்காதேங்கோ. ஆனா எறியாதேங்கோ, நான் வாறன்."

வந்தாள், எடுத்துக்கொண்டு போனாள். போகும் முன் சொன்னது இது. அந்த வைரஸ் தாக்கும்போது பற்றீரியா கோடிக்கணக்கில் செத்துப் போகும். ஒன்றிரண்டு மட்டும் சில சமயம், உள்ளே வந்த வைரஸின் மரபணுவிலேயே ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுத்துத் தன் மரபணுவுக்குள் ஒட்டி வைத்துக்கொள்ளும். அடுத்த தரம் அதே வைரஸ் வந்தால் துண்டை வைத்து அடையாளம் கண்டு, வந்ததை வெட்டிப் போட்டுவிடும். அதன் பிள்ளைகளுக்கும் அந்தத் துண்டு போகும், பேரப்பிள்ளைகளுக்கும் போகும். அப்படித் தப்பியதுதான் மெல்ல மெல்லப் பெருகி அந்தச் சட்டியைக் கட்ட வைத்ததா என்று பார்க்க வேண்டும். இரண்டு வாரமாவது ஆகும்.

"திருடனோட போட்டோவ ஒட்டி வெச்சிருக்கிற பொலிஸ் மாதிரி," என்றாள் மூக்காயி.

"ஓம். ஆனா இந்தப் பொலிஸ் பிள்ளை பெறும்போதே போட்டோவோட பெறும்."

இரண்டு கிழமையும் மூக்காயி சும்மா இருக்கவில்லை. பழக்கி அடுக்கி வைத்திருந்த சட்டிகள் எண்பத்தி மூன்று. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பள்ளத்தில் போட்டு உடைத்தாள். முதல் சட்டியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள், பத்தாவதுக்கு மேல் கை தானாகப் போனது. பலகைப் பெட்டியை விறகாக்கினாள். வாளியை இருளப்பனிடம் கொடுத்து, தோட்டத்தை விட்டே கொண்டுபோய்த் தொலைக்கச் சொன்னாள். தரையைக் கொதிதண்ணீரும் குளோரினும் ஊற்றித் தேய்த்து, சுவருக்கு இரண்டு பூச்சுச் சுண்ணாம்பு அடித்தாள். துணியெல்லாம் வேகவைத்தாள். முதுகு இற்றுப்போனது. ராத்திரியானால் ஒன்றாந்தேதியும் பெரட்டுக்களமும்தான் கண்ணில் நிற்கும், விடிந்ததும் மறுபடி தேய்க்கப் போய்விடுவாள்.

போயாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது கோபிகா ஒரு சின்னப் போத்தலோடு வந்தாள். அந்தச் சட்டியிலிருந்து உருண்டையையும் குச்சியையும் தனியே பிரித்து, வேறு கெட்ட கிருமி இல்லை என்று பார்த்து வளர்த்தது.

"லாப்பில வைரஸை ஊத்திப் பாத்தம், நிண்டு பிடிச்சது. உங்கட பாலில, உங்கட சட்டியில எப்பிடி எண்டு நான் சொல்ல மாட்டன் அக்கா."

"மிஸ், அந்த நாசமாப் போன வாளித் தண்ணி இன்னும் இருக்கா?"

"லாப்பில இருக்குது. ஏன்?"

"அதுவும் வேணும். பழைய ஒறையும் வேணும். நாளைக்கே வேணும்."

கோபிகா பதறினாள். இவ்வளவு கழுவிய வீட்டுக்குள் மறுபடியுமா? மூக்காயி தலையை ஆட்டினாள். "என் வீட்டுல இல்ல. எம் பசு ஒண்ணு குடுக்கிற பாலு யாவாரத்துக்குப் பத்தாது மிஸ். மத்தவளுகளப் போயிக் கேட்டேன். நாகு ஊத்துனா நாங்களும் ஊத்துறோம்ங்கிறாளுக. அவ வீட்டுல வெச்சுத்தான் பாக்கணும். நல்ல தண்ணியில கட்டிக் காட்டுனா யாரு நம்புவா? நானே நம்ப மாட்டேன்."

மறுநாள் காலை, புதுச் சட்டி இரண்டு, போத்தல் மூன்று, கோபிகா, இருளப்பன் என்று ஒரு ஊர்வலமாக இரண்டாம் லயத்துக்குப் போனார்கள். நாகேஸ்வரி மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பால் ஊற்றுகிற மற்றப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து கானோரம் நின்றார்கள்.

மூக்காயி சட்டிகளை வாசலில் இறக்கி வைத்தாள். வாய் திறக்க அவள் யோசித்த முதல் நாள் அதுதான்.

"நாகு, தப்பு எம்மேல. ஓம் பாலுல ஒண்ணுமில்ல. என் வாளித் தண்ணியாலதான் எல்லாம் கெட்டுச்சு. இத்தன பேரு முன்னால ஒன்னயப் பேசுனேன், இத்தன பேரு முன்னாலயே சொல்றேன். எனக்கு அது வியாழக்கெழமையே பாதி தெரியும். வந்து சொல்ல மானம் விடல."

நாகேஸ்வரி புல்லைக் கீழே போட்டாள். "சொல்லியாச்சா? போ."

"போறேன். ஓன் செவப்பு மாட்டுப் பாலு ரெண்டு சட்டிக்கு மட்டும் குடு. கட்டலன்னா ஒண்ணாந்தேதி நா வெட்டுக்குப் போறேன், ஓன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

நாகேஸ்வரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய்ப் பால் கொண்டு வந்தாள். அதே சிவப்புப் பசுவின் பால். காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, இரண்டு சட்டியிலும் ஊற்றினார்கள். இரண்டிலும் எல்லாரும் பார்க்க, கெட்ட தண்ணீரில் ஒரு கரண்டி ஊற்றினாள் மூக்காயி. ஒன்றில் பழைய உறை. ஒன்றில் தப்பிப் பிழைத்த உறை. சாக்கால் சுற்றி நாகேஸ்வரியின் அடுப்படியிலேயே வைத்தார்கள். அப்போது மணி எட்டே கால்.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கோபிகா மணிக்கூட்டைப் பார்த்தாள், இருளப்பன் வெற்றிலை போட்டான், மூக்காயி ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குத் திறக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். மூக்காயி பார்த்த பார்வையில் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஒன்றே முக்காலுக்கு நாகேஸ்வரியே சாக்கைப் பிரித்தாள். பழைய உறை போட்ட சட்டியை ஆட்டினாள். பால் தளும்பி அவள் கையில் வழிந்தது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கெட்ட தண்ணீர் உறையைத் தின்றது தெரிந்தது, பாலில் குறை இல்லை என்பதை மற்றச் சட்டிதான் சொல்ல வேண்டும்.

மற்றச் சட்டியை அவள் ஆட்டவில்லை. கையில் ஏந்திக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். நல்ல தயிர் என்றால் கடைக்காரர்கள் சட்டியைக் கவிழ்த்துக் காட்டுவார்கள், விழக் கூடாது. அது இந்தப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"மதினி, இங்க வா. தலையக் குனி."

"நாகு..."

"இத்தன பேரு முன்னால எம் மூஞ்சியில கரியப் பூசுனியே. இப்ப இது ஓன் தலைக்கு மேல. விழுந்தா நீ அப்புடியே வெட்டுக்காட்டுக்குப் போ. குனி."

கோபிகா ஏதோ சொல்ல வந்தாள், இருளப்பன் வேண்டாம் என்று கையைக் காட்டினான். மூக்காயி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, நாகேஸ்வரிக்கு முன்னால் வந்து தலையைக் குனிந்து நின்றாள். கண்ணை மூடவில்லை. தரையில் தெரிந்த நாகேஸ்வரியின் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நாகேஸ்வரி சட்டியைத் தூக்கிப் பிடித்து, ஒரே மூச்சில் கவிழ்த்தாள்.

ஒரு சொட்டுத் தண்ணீர் மூக்காயியின் வகிட்டில் விழுந்தது. அவளுக்கு உயிரே போய்த் திரும்பியது. அதற்கப்புறம் ஒன்றும் விழவில்லை. நாகேஸ்வரி சட்டியை இறக்கவில்லை. ஒரு தரம் குலுக்கினாள், இன்னொரு தரம் குலுக்கினாள். எவ்வளவு கோபமோ அவ்வளவையும் சேர்த்து மூன்றாம் தரம் குலுக்கினாள். தயிர் அசையவில்லை.

சட்டியை நிமிர்த்தி மூக்காயியின் கையில் வைத்தாள்.

"நாளைக்கு எத்தன மணிக்கு மதினி பாலு கொண்டாரணும்?"

மூக்காயி சொல்ல வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே, சட்டியை ஒரு கையில் அணைத்தபடி, அஞ்சு மணிக்கு என்று மற்றக் கை விரல் அஞ்சையும் விரித்துக் காட்டினாள்.